சிவப்புப் பக்கமும் ஜமிலாவும்

சிவப்புப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம்தான். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த நாளிலும், மகள் ஏதாவது இணையக் கடையைத் திறந்து, 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று திரை சிவந்துவிட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். "ஒண்ணும் அழுத்தாத, கைய எடு" என்பேன். அவள் சிரிப்பாள். நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது.

நமது கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். டிஜிட்டல் சான்றிதழை எப்படி வாங்குவது, சர்வரில் எங்கே வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அது நான் செய்த தப்பு.

இப்போது ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் அந்த அறையில் அப்போது நான் ஒருத்திதான். அதற்கு முன் பாயான் லெப்பாசில் சிப் தொழிற்சாலையில் வரிசையில் நின்று வேலை பார்த்தவள். பகுதி நேரமாகப் படித்து, கணினிக்கு மாறி, முப்பத்தெட்டு வயதில் இந்த ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு வந்தேன். தலைமை அலுவலகம் தீவில், ஜார்ஜ்டவுனில். கிளைகள் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலிலும் தாசேக் கெலுகோரிலும். வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்காவிட்டால் உயிர் தங்காத நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரங்கள் எல்லாம் ஜார்ஜ்டவுனில் இருந்த ஒரே சர்வரில் இருந்தன. கிளைகளில் இருந்தவர்கள் இணையம் வழியாக அதைத் திறந்து பார்ப்பார்கள்.

அந்த சர்வருக்கு முறையான சான்றிதழ் இல்லை. நானே தயாரித்து, நானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ்தான் இருந்தது. இது எவ்வளவு பெரிய கூத்து என்று புரிய, நம் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, நினைத்துக்கொள்ளுங்கள். நான் கமலா என்று நான் சொன்னால் வங்கியில் நம்ப மாட்டார்கள். என்னைச் சரிபார்த்து அரசாங்கம் கொடுத்த ஐசியைக் காட்டினால் நம்புவார்கள். இணையத்தில் அந்த வேலையைச் சான்றிதழ் ஆணையங்கள் செய்கின்றன. இந்த முகவரி உண்மையில் இவர்கள் கையில்தான் இருக்கிறதா என்று சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகின்றன. யாருடைய கையெழுத்தை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. என் சர்வர் காட்டியதோ வீட்டில் அட்டை வெட்டி, படம் ஒட்டி, நானே எழுதிக்கொண்ட ஐசி. உலாவி அதை நம்பவில்லை. அதனால்தான் திரை சிவந்தது.

முறையான சான்றிதழ் வாங்குவதில் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை. பழைய சர்வர், கை வைத்தால் ஏதாவது நின்றுவிடுமோ என்ற பயம். அடுத்த வாரம் செய்யலாம், அடுத்த மாதம் செய்யலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். அதற்குள் கிளைகளிலிருந்து தினமும் போன். "அக்கா, செவப்பா வருது, என்ன செய்ய?" கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் ஒரு தாள் தயாரித்தேன். மேலே தமிழிலும் மலாயிலும், 'சிவப்புப் பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம்.' கீழே படம் போட்டு இரண்டு அம்புக்குறிகள். முதலில் 'அட்வான்ஸ்ட்' அழுத்து, பிறகு 'ப்ரொசீட்' அழுத்து. கிழியாமல் இருக்க லேமினேட் வேறு செய்து எல்லாக் கிளைகளின் வரவேற்பு முகப்பிலும் ஒட்டினேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நிபோங் திபால் கிளையின் முகப்பில் இருந்தவள் ஜமிலா. என்னைவிடப் பத்து வயது இளையவள். நோயாளிகளின் பெயர், அவர்கள் பிள்ளைகளின் பெயர், யாருக்கு எந்த நாற்காலி பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணினி என்றால் மட்டும் கொஞ்சம் தயக்கம். அதனால் நான் சொன்னதை அப்படியே செய்வாள். அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்க்காமலே இரண்டு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போகப் பழகிவிட்டாள்.

ஒரு காலையில் அந்தக் கிளைக்கு வெளியே சாலையைத் தோண்டியவர்கள் இணைய இணைப்பை அறுத்துவிட்டார்கள். உள்ளே நோயாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விவரம் தெரியாமல் இயந்திரத்தில் போட முடியாது என்று தாதி சொன்னார். ஜமிலா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கடை தள்ளியிருந்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினாள். அங்கே அந்தக் கடையின் பெயரிலேயே ஒரு வைஃபை தெரிந்தது. கடைக்காரருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு திருடன் அந்தப் பெயரில் விரித்து வைத்திருந்த வலை அது. ஜமிலா அதில் இணைந்து நம் சர்வரின் முகவரியைத் தட்டினாள். திரை சிவந்தது.

அன்றைக்கு உலாவி அவளிடம் சொன்னது முழு உண்மை. நீ பேசிக்கொண்டிருப்பது உங்கள் சர்வரே இல்லை, நடுவில் ஒருவன் இருக்கிறான் என்று அது எச்சரித்தது. ஆனால் அதே சிவப்பை அவள் தினமும் பார்த்தவள். என் போலி ஐசிக்கும் திருடனின் போலி ஐசிக்கும் திரை ஒரே மாதிரிதான் சிவக்கும். அவள் வழக்கம்போல இரண்டு அழுத்து அழுத்தினாள், பாஸ்வேர்டைத் தட்டினாள். திருடன் அதைக் குறித்துக்கொண்டு, சந்தேகம் வராதபடி நம் சர்வரோடு இணைத்தும் விட்டான். அவள் விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடி வந்தாள். அன்றைக்கு எல்லோருக்கும் நேரத்துக்குச் சிகிச்சை நடந்தது. சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "லைன் இல்லாமலே சமாளிச்சிட்டேன் கா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும் பாராட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, பைராம் தோட்டத்திலிருந்து வரும் முத்தையா என்ற நோயாளி வரவில்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மகன் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். அடுத்த முறையும் வரவில்லை. ஜமிலா போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளே தன் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அது அவள் வேலை இல்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை.

வீட்டில் முத்தையா கால் வீங்கி, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஜமிலா அவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"ஏன் பெரியவரே வரல? போன் போட்டா எடுக்கவும் இல்ல."

"என் எடத்த வேற ஆளுக்கு குடுத்துட்டாங்களாமேம்மா. சென்டர்லேருந்து போன் பண்ணாங்க. என் பேரு, ஐசி நம்பரு, எந்த நாளு வரேன், எல்லாம் சரியா சொன்னாங்க. போன்ல என்னமோ ஒண்ண எறக்கினாத்தான் எடம் இருக்கும்னாங்க. என் போனு பட்டன் போனு. நான் என்னத்த எறக்குறது?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட வந்து எப்படிம்மா கேக்குறது, எனக்கு இது தெரியலன்னு. மகன்கிட்ட சென்டர் ரெண்டு நாளு லீவுன்னு சொல்லிட்டேன்."

முத்தையா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஜமிலா எனக்குப் போன் செய்தாள். அதற்குள் மற்ற நோயாளிகளையும் விசாரித்துவிட்டாள். பணம் திருடும் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி இன்னும் பலருக்கு அதே போன் வந்திருந்தது. நான் சர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். ஜமிலாவின் பெயரில், நமக்குத் தெரியாத இடங்களிலிருந்து, யாரோ நோயாளிகளின் பட்டியல் முழுவதையும் எடுத்திருந்தார்கள்.

"அக்கா, நான் எங்கயும் பாஸ்வேர்ட சொல்லல. அந்த மாமாக் கடையில தொறந்தேனே, அதுவா இருக்குமா?" என்று கேட்டாள். அதுதான் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. "பாக்குறேன்" என்று மட்டும் சொன்னேன்.

சர்வரை இணையத்திலிருந்து துண்டித்தோம், பாஸ்வேர்டுகளை மாற்றினோம், போலீசில் புகார் கொடுத்தோம். கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். விசாரணை ஜார்ஜ்டவுனில், மேலாளர் அறையில், மலாயில் நடந்தது. ஜமிலாவை வேலையிலிருந்து நீக்குவதா என்பதுதான் கேள்வி. நான் குறிப்பு எழுதுகிறவளாக மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பாதுகாப்பில்லை என்று திரையில் வந்ததா என்று ஆலோசகர் ஜமிலாவிடம் கேட்டார். வந்தது என்றாள். படித்தாயா என்றார். படித்தேன் என்றாள். படித்துவிட்டும் அழுத்தினாயா என்றார். ஆமாம் என்றாள். அப்படி அழுத்தலாம் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

ஜமிலா என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, யாரும் சொல்லவில்லை, அவசரத்தில் நானாகத்தான் அழுத்தினேன் என்றாள்.

நான் அதைக் குறிப்பில் எழுதினேன். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். என் பேனா நிற்கவில்லை. 'யாரும் சொல்லவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு வாக்கியம்தான். நான் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்வதாக மேலாளர் கூறினார்.

மறுநாள் காலை நான் காரை எடுத்துக்கொண்டு முதலில் தாசேக் கெலுகோருக்குப் போய் அங்கே ஒட்டியிருந்த தாளைப் பிய்த்தேன். இனி யாரும் இதைப் பார்த்து அழுத்தக் கூடாது, அதற்காகத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு நிபோங் திபாலுக்குப் போனேன். முகப்பில் தாள் இல்லை. நான்கு மூலையிலும் பசை நாடாவின் தடம் மட்டும் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை ஜமிலா பார்த்தாள். கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அன்னிக்கே எடுத்திட்டேன் கா. அந்த கேஎல் ஆலோசகரு பாத்தா உங்களுக்குப் பிரச்சனைல."

நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு வேல போனா பரவால லா. என் சொந்த அக்கா வீட்டுக்காரர் சூலியா தெருவுல கட வச்சிருக்காரு, அங்க எதாச்சும் பாத்துக்குவேன். ஆனா இங்க எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்குறாங்க. நான் அவங்க பேரையெல்லாம் வித்துட்டேன்னு பேசிக்கிறாங்களாம். பாசாருக்குச் சாமான் வாங்கப் போயே பத்து நாளாச்சு. நான் விக்கலைன்னு மட்டும் நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும் கா. நீங்க சொன்னா நம்புவாங்க."

என்னை நம்புவார்களாம். காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பதினொரு வருஷம் அந்த முகப்பில் உட்கார்ந்து சேர்த்த நல்ல பெயர் அவளுடையது. அதை நான் ஒரு லேமினேட் தாளால் துடைத்துவிட்டு, அவள் என்னைக் காப்பாற்றுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில், குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தாளை மேசையில் வைத்தேன். இதை எழுதியது நான், ஒட்டியது நான், அழுத்தச் சொன்னது நான் என்றேன். போன முறை எழுதிய குறிப்பு பொய், அது பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்றும் சொன்னேன். மேலாளர் தாளை எடுத்து மேலும் கீழும் படித்தார். முறையான சான்றிதழ் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன், வேறு காரணம் இல்லை என்றேன். முடிவு கேட்க வந்திருந்த ஜமிலா மெல்ல, "ஏன் கா" என்றாள்.

ஜமிலாவின் வேலை தப்பியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வரவிருந்த பதவி உயர்வு போயிற்று. இரண்டும் நியாயம்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று. நோயாளிகள் எல்லோருக்கும் ஒரு கடிதம், தமிழ், மலாய், சீனம் மூன்றிலும். விவரங்கள் திருடப்பட்டதற்குக் காரணம் கணினிப் பிரிவின் தவறு, முகப்பில் இருப்பவர் எதையும் விற்கவில்லை, அவருடைய தவறு எதுவும் இல்லை. கீழே என் பெயர், என் கையெழுத்து. முத்தையாவுக்கு நானே போய்ப் படித்துக் காட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள விக்காதுன்னு எனக்கு தெரியும்மா. நீ சாப்டியா?" என்றார்.

அந்த வாரமே ஒரு சான்றிதழ் ஆணையத்திடமிருந்து முறையான சான்றிதழ் வாங்கிப் போட்டேன். நான் இரண்டு வருஷம் பயந்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. சர்வர் நிற்கவும் இல்லை, ஒன்றும் ஆகவில்லை. கிளை கிளையாகப் போய், இனிமேல் திரை சிவந்தால் யார் சொன்னாலும் அழுத்தாதீர்கள், எனக்குப் போன் போடுங்கள், எத்தனை முறை போட்டாலும் திட்ட மாட்டேன் என்று சொன்னேன். ஜமிலா ஒரு படி மேலே போனாள். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுநாள் வரும் நோயாளிகளின் விவரத்தை அச்செடுத்துப் பூட்டி வைத்துக்கொள்வாள். திரையே திறக்காவிட்டாலும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கேயே முடித்தால் நான் திருந்திவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். விடுப்பு எடுத்துக்கொண்டு சூலியா தெருவில் ஒரு கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜமிலா அழைத்தாள்.

"அக்கா, செவப்பு பேஜ் வருது. தேதி முடிஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி நான் வைத்திருந்த ஏற்பாடு எப்போதோ நின்றுபோயிருக்கிறது. நின்றுபோனதைச் சொல்லும் மின்னஞ்சல் நான் திறந்தே பார்க்காத ஒரு பெட்டியில் வந்து கிடந்தது. பதில் சொல்வதற்குள் என் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடைக்காரரிடம் அவருடைய போனை வாங்கி, ஒரு கையில் குழம்போடு கிளைக்கு அழைத்தேன்.

"ஜமிலா, அது வெறும் தேதிதான். திருடன் இல்ல. இன்னிக்கு மட்டும் அழுத்திட்டு உள்ள போ. நான் சாப்ட்டு வந்து சரி பண்றேன்."

ஆமாம், நான்தான் சொன்னேன். அத்தனையும் நடந்த பிறகு, ஒரு தட்டு சோற்றுக்காக, அதே வார்த்தையை அதே ஆளிடம் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஜமிலா, "இது யாரு நம்பருன்னு தெரியல. மன்னிச்சிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வெயிலில் அலுவலகத்துக்கு நடந்தேன். வழியெல்லாம் அவள் மேல் எரிச்சல். என் குரல்கூடவா தெரியாது என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். இருபது நிமிஷத்தில் புதிய சான்றிதழ் வந்துவிட்டது. திரையில் சிவப்பு போய்விட்டதை நானே ஒரு முறை பார்த்துவிட்டு, அலுவலக போனிலிருந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சரியாயிருச்சு, தொறந்து பாரு."

"ம், வருது கா. பச்சப் புள்ள மாதிரி சமத்தா வருது."

"நோயாளிங்க?"

"எல்லாரையும் அப்பவே போட்டாச்சு. என்கிட்டதான் பேப்பர் இருக்கே. முத்தையா தூங்குறாரு."

எனக்கு எரிச்சல் எல்லாம் இறங்கிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, கேட்டுவிட்டேன். "ஏன் ஜமிலா, இத்தன வருஷம் பழகியும் என் குரல் உனக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுது கா," என்றாள். "அதான் வச்சிட்டேன். இன்னொரு தடவ நீங்க சொல்லியிருந்தா நான் அழுத்தியிருப்பேன்."